கட்டிலுக்கடியில் ஸ்டவ்

அன்னமேரி: ...அதனால சாக்குல சுத்திக் கட்டிலுக்கடியில வச்சிட்டே. ரெண்டு வாரமா.

சேசம்மாள்: தூசி படியக் கூடாதுன்னுதான்...

அன்னமேரி: அம்மா, என் முதல் சம்பளத்துல வாங்கின ஸ்டவ் அது. உன் இருமலுக்குப் பயந்து வாங்கினேன்.

சேசம்மாள்: இருமல் எனக்குத்தானட்டி. உனக்கென்ன?

அன்னமேரி: பாதி தாராவிக்குக் கேக்குது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு டி.பி. இல்லை, அடுப்புப் புகைதான்னார். இந்த ஒத்தை ரூம் கோலிக்கு ஒரு ஜன்னல் கிடையாது. பார்சல் பெட்டிப் பலகையைப் பெயிண்ட்டோட இருபது வருஷமா எரிக்கே. நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? கண்ணையும் காட்டச் சொன்னார். நீதான் வரலை.

சேசம்மாள்: கண்ணுக்கென்ன? நீ சாம்பக்கலர் சேலை கட்டியிருக்கது தெரியுதே.

அன்னமேரி: இது நீலம். பேச்சை மாத்தாதே.

சேசம்மாள்: மண்ணெண்ணெய் வாடை ஆப்பத்துல ஏறும். பூசை முடிஞ்சு வாங்க வாறவிய மூஞ்சியச் சுளிப்பாவ.

அன்னமேரி: லூசியம்மாள் சித்தி ஸ்டவ்லதான் சுடுதா. உன்னைவிட அவகிட்டதான் கூட்டம்.

சேசம்மாள்: அவ மாவுல சோடா உப்பு போடுதா.

அன்னமேரி: எம்மா...

சேசம்மாள்: சரி, ரேஷன் கடை கியூவுல யாரு நிக்க?

அன்னமேரி: நான். ரெண்டு டின் வாங்கி வச்சாச்சு. வேற?

சேசம்மாள்: இந்த விறகடுப்புதான் உன்னைப் பி.எஸ்ஸி. வரைக்கும் கொண்டாந்துச்சு. நினைப்பிருக்கட்டும்.

அன்னமேரி: இருக்கு. அது செஞ்சது போதும். கையைக் காட்டு... இந்தப் புண்ணும் அது தந்ததுதானே? ஏன் திரும்பிக்கிடுதே? முடிவாச் சொல்லிடு. விறகா, நானா. விறகுன்னா நான் மாட்டுங்கா ஹாஸ்டலுக்குப் போறேன்.

சேசம்மாள்: போயேன். அந்தச் சோத்தைத் தின்னாத் தெரியும்.

அன்னமேரி: தீப்பெட்டியைக் குடு... இந்தா, நாலு திரியும் பிடிச்சாச்சு. புகை இருக்கா?

சேசம்மாள்: இல்லை.

அன்னமேரி: சத்தம்?

சேசம்மாள்: அதுவும் இல்லை.

அன்னமேரி: இப்ப ஆப்பச்சட்டியை நீயே வை.

சேசம்மாள்: பத்த வச்சிட்டியாட்டி?

அன்னமேரி: எரியுதே... உன் மூஞ்சிக்கு முன்னாலதான்.

சேசம்மாள்: விறகுன்னா செவப்பா மங்கலாவாவது தெரியும். சடசடன்னு கேக்கும். இந்தப் புண்ணு விறகு சுட்டதில்லை. நீ வாங்கியாந்த மறுநாளே, அணைஞ்சுபோச்சுன்னு நெனச்சு, உன் ஸ்டவ்லதான் கையை வச்சேன்.