மச்சான் கொடுத்த அவுட்

— போக மாட்டேன் மச்சான்! பச்சையா சொல்றேன், இந்தக் கோட்டை விட்டு ஒரு அடி நகர மாட்டேன். நீ அவுட்டுன்னு சொன்னா நான் பேட்டைத் தூக்கிக்கிட்டுப் போயிடணுமா?

— போகத்தான் வேணும் மாப்ளே. அம்பயர் சொல்லியாச்சு. அடுத்த ஆளு பேடு கட்டிக்கிட்டு நிக்கிறான் பாருங்க.

— அம்பயராம் அம்பயரு! பள்ளிக்கூடத்து லேப்லேர்ந்து ஒரு வெள்ளைக் கோட்டை எரவல் வாங்கி மாட்டிக்கிட்டா அம்பயரா? பேட்டிங் பண்ற டீம்லேர்ந்துதான் அம்பயர் நிக்கணும்னு ஏன்யா வழக்கம் வச்சிருக்கான்? நம்மாளுக்கு நாலு நல்லது செய்யத்தான்! ஒலகத்துல எவனாவது கூடப்பொறந்த தங்கச்சி புருசனுக்கு எல்.பி.டபிள்யூ. குடுப்பானா?

— கோட்டு போட்டா மச்சானும் கெடையாது, மாப்ளையும் கெடையாது. கால்ல பட்டுது, குடுத்துட்டேன்.

— நாப்பத்தொண்ணு அடிச்சிட்டு நிக்கிறேன்யா! இன்னும் முப்பதே ரன்னு. அடிச்சா பெரம்பலூருக்குக் கப்பு. கப்பு கெடக்குது, பந்தல்ல பாரு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு யாரு ஒக்காந்திருக்கா? சிமெண்ட் பேக்டரி ஆபீசரு! இன்னைக்கு ஆட்டத்தைப் பாத்து ஒரே ஒரு ஆளுக்கு வேலை போடப் போறாரு. அது தெரிஞ்சுமா குடுத்தே?

— கேப்டன், அவரு எனக்காவவும்தான் ஒக்காந்திருக்காரு. ஒங்க குடும்பச் சண்டையை வூட்டுல போய் வச்சுக்குங்க. நான் அடுத்த பந்து போடணும்.

— வாடா லூர்துராசு! ஒன்னைத்தான் தேடுனேன். அந்தப் பந்தை இப்படிக் குடு. குடுடாங்கிறேன்!

— ஒங்ககிட்ட ஏன் குடுக்கணும்? அம்பயர்கிட்டதான் குடுப்பேன். இந்தாங்க அம்பயர் சார்.

— மச்சான், அதைத் திருப்பு. அந்தப் பக்கம் இல்லய்யா, இந்தப் பக்கம்! பாத்தியா? காலையில டப்பாவைப் பிரிச்சப்ப புதுப் பொண்ணு மாதிரி இருந்துச்சு. இப்ப ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் எலி கொறிச்ச தேங்கா! அதான் நானும் பாக்குறேன், சாப்பாட்டு நேரம் முடிஞ்சதுலேர்ந்து பந்து சாரைப்பாம்பு மாதிரி நெளியுது. சோடா மூடியை வச்சு சொரண்டியிருக்கான்யா இந்தப் பய!

— நானா? மாதா மேல ஆணையா நான் தொடல கேப்டன்!

— பந்து போடுறவன் பந்தைத் தொடாம என்ன செஞ்சே, ஜெபமா பண்ணுனே? போன வருசம் வேர்ல்டு கப் ஜெயிச்சாலும் ஜெயிச்சானுங்க, முந்திரித் தோப்புல சுள்ளி பொறுக்குனவன்லாம் வேகப்பந்து வீச வந்துட்டான்.

— சுள்ளி பொறுக்குனதைப் பத்தி இன்னொரு தடவை பேசுனீங்க, மரியாதை கெட்டுப்போயிடும். இந்தா, பேண்ட் பையி. வெளிய இழுத்துவுட்டுட்டேன், பாத்துக்குங்க. ஒரு செபமாலை, ஒரு கர்ச்சீப்பு, வரதராசன்பேட்டை பஸ் டிக்கெட்டு. எங்கய்யா சோடா மூடி? காட்டுங்க!

— தூக்கி எறிஞ்சிருப்பே. ஏய், பந்தல்ல இருக்கிறவங்கல்லாம் கேட்டுக்குங்க! அரியலூர் டீமு பந்தைச் சொரண்டிட்டானுங்க! திருட்டுப் பந்து! திருட்டு விக்கெட்டு!

— கத்தாதீங்க கேப்டன்! ஆபீசர் எழுந்து நிக்கிறாரு... ஐயோ, கத்தாதீங்கன்னு சொல்றேன்ல! எங்கம்மா முந்திரிக்கொட்டை ஒடைச்சு ஒடைச்சு அந்தப் பாலு பட்டு ரெண்டு கையும் வெந்து கெடக்கு. இந்த வேலை கெடைச்சா அன்னைக்கே அதுக்கு முழுக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என் பேர்ல களவாணின்னு பட்டம் கட்டிட்டீங்கன்னா நான் வூட்டுக்கு எப்படிப் போவேன்?

— நடந்து போ.

— மாப்ளே, வாயை அளந்து பேசுங்க. லூர்துராசு, நீயும் கையை எறக்கு. நான் பந்தைப் பாத்துக்கிட்டிருக்கேன்ல.

— அம்பயர் சார், நீங்களே கேளுங்க அவர்கிட்ட. சாப்பாட்டுக்கு முன்னாடி பதினஞ்சு ஓவர் ஆடுனாரே, அப்ப பந்து எப்படி இருந்துச்சாம்?

— அப்ப நல்லாத்தான்டா இருந்துச்சு. நான்தான் முப்பத்தெட்டு அடிச்சேனே.

— சாப்பாட்டுக்குப் பொறவு இது ரெண்டாவது ஓவர். ஒரே ஓவர்ல, ஐநூறு பேரு பாக்குறப்ப, இவ்வளவு ஆழமா சொரண்டுறதுக்கு நான் என்ன ஆசாரியா? எங்கிட்ட வந்த மொத பந்தே இப்படித்தான் இருந்துச்சு. மண்ணுல உருண்டதுன்னு நெனைச்சேன். நடுவுல சாப்பாட்டு நேரத்துல இந்தப் பந்து யார்கிட்ட இருந்துச்சு?

— அவன் சொல்றதும் நியாயம்தான்யா மச்சான். யாருகிட்ட இருந்துச்சு?

— இருங்க மாப்ளே... யோசிக்கிறேன்.

— இதுல யோசிக்க என்ன இருக்கு சார்? அந்தக் கீறலுக்குள்ள பாருங்க, வெள்ளை வெள்ளையா மாவு அப்பியிருக்கு. சோடா மூடியில மாவு ஏது?

— பந்து எங்கிட்டதான் இருந்துச்சு.

— என்னது?

— கோட்டு பையில போட்டிருந்தேன் மாப்ளே. அந்தப் பையிலதான் கல்லும் இருந்துச்சு. ஓவருக்கு ஆறு பந்து எண்ணுறதுக்கு ஆறு கல்லு. ஒரு பந்துக்கு ஒரு கல்லா எடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கம் மாத்துவேன். ஓடைப் பள்ளத்துல கெடந்த, சுண்ணாம்பு உதிர்ற சுக்காங்கல்லைப் பொறுக்கிப் போட்டுக்கிட்டேன். இந்தா, கையில கொட்டுறேன், பாருங்க. முனையில எல்லாம் செவப்பு ஒட்டியிருக்கு.

— அடப்பாவி மச்சான்! கல்லு பையில இருந்தா பந்து தானா சொரண்டிக்குமா?

— சைக்கிள்ள போனேன். போவ ஒண்ணரை மைலு, வர ஒண்ணரை மைலு. ரோடு பூரா ஜல்லி பேத்துப் போட்டிருக்கான். தூக்கித் தூக்கிப் போட்டுச்சு.

— வேகாத வெயில்ல ஒனக்கு எங்கய்யா சவாரி?

— ஒங்க வூட்டுக்குத்தான்.

— என் வூட்டுக்கா? எதுக்கு? இங்கயே புளிசாதப் பொட்டலம் குடுத்தானுங்களே!

— தங்கச்சி வேம்பு கையால சாப்புட்டு நாளாச்சு. போனேன்.

— அவ... என்ன சொன்னா?

— ஒண்ணும் சொல்லல. சோறு போட்டா. மோர் ஊத்துனா.

— நீங்க மோர் குடிச்ச கதையை அப்பறம் பேசுங்க சார்! எனக்கு வயிறு எரியுது. பந்தைச் சொரண்டுனது ஒங்க கோட்டு பையி. களவாணிப் பட்டம் எனக்கு. வாங்க, வந்து ஆபீசர்கிட்ட ஒங்க வாயால சொல்லுங்க.

— டேய், நீ சித்த நகரு. மச்சான், கிட்ட வா. நான் சொல்றதைக் கேளு. அந்தக் கல்லைக் கீழ போடு. போட்டு மிதி. லூர்துராசு சொரண்டிட்டான், ஆட்டம் ரத்துன்னு சொல்லிடு. அடுத்த ஞாயித்துக்கெழமை மொதல்லேர்ந்து ஆடுவோம். என் அவுட்டும் அழிஞ்சு போவும், ஒன் தப்பும் அழிஞ்சு போவும்.

— எனக்குக் கேக்குது கேப்டன்! பக்கத்துலதான நிக்கிறேன்! நான் என்ன கல்லா?

— கேட்டா கேட்டுக்க. பெரம்பலூர் கிரவுண்டுல ஒன் பேச்சை எவன் நம்புவான்? அங்க பாரு, நம்ம பசங்க ஸ்டம்பையே புடுங்கிட்டானுங்க. ஒரு வார்த்தைதான் மச்சான், சொல்லிடு.

— சொல்ல மாட்டேன்.

— என்னய்யா சொன்னே?

— சொல்ல மாட்டேன் மாப்ளே. நான் செஞ்ச தப்பை இந்தப் பையன் தலையில எறக்கி வைக்க மாட்டேன். அவங்க அம்மா கையி வெந்து கெடக்குன்னு சொல்றான், கேட்டீங்கல்ல?

— அவங்க அம்மா கையி ஒனக்குத் தெரியுது, ஒன் தங்கச்சி வயிறு தெரியலயா? இந்த வேலை கெடைச்சா குவார்ட்டர்ஸ்ல காத்தாடிக்குக் கீழ யாருய்யா ஒக்காருவா? அவதான! என்னை அவுட்டாக்குனியே, அது எனக்கா குடுத்த அவுட்டு? அவளுக்குக் குடுத்தே!

— தெரியும்.

— தெரிஞ்சுமா? பச்சையா சொல்றேன், அந்த ஆபீசர்கிட்ட நீ வாயைத் தெறந்தே, ஒன் தங்கச்சி பொட்டியோட சாயங்கால பஸ்ஸுல ஒன் வூட்டு வாசல்ல எறங்குவா!

— எறங்கட்டும். லூர்துராசு, இந்தா பந்து. இந்தா ஆறு கல்லு. கொண்டுபோய் ஆபீசர் கையில குடு. அம்பயர் அய்யம்பெருமாள் பையில இருந்தது, தப்பு அவரோடதுன்னு சொல்லு. நான் பின்னாலயே வரேன்.

— வருவீங்கள்ல சார்?

— வருவேன்யா. போ. ஓடு.

— போறான் பாரு, ஒன் பேரை வாங்கிக்கிட்டு. நல்லா இரு மச்சான். பெரிய அரிச்சந்திரன்! அந்தப் பெருமையில ஒனக்கு இனிமே சோறு எறங்கும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், இப்ப யாரும் இல்ல. அந்தப் பந்து கால்ல படுறதுக்கு முன்னாடி பேட்டுல பட்டுச்சு. டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. என் கையில அதிருச்சு. ஒனக்குக் கேக்கலன்னு வேம்பு மேல சத்தியம் பண்ணு பாப்போம்!

— பண்ண மாட்டேன்.

— ஏன்?

— எனக்கும் கேட்டுச்சு.

— கேட்டுச்சா? பேட்டுல பட்டதுன்னு தெரிஞ்சே அவுட் குடுத்தியா? பாவி, என்னய்யா செஞ்சேன் ஒனக்கு?

— எனக்கு ஒண்ணும் செய்யலடா. மத்தியானம் சோறு போட்டப்ப வேம்பு ஒரு பக்கத்து மொகத்தை முந்தானையால மூடிக்கிட்டே போட்டா. வெலக்கிப் பாத்தேன். கன்னத்துல ஒன் அஞ்சு வெரலும் இருந்துச்சு. நான் ஒத்தை வெரலுதான் தூக்குனேன்.