அஞ்சாவது எழுத்து

அட, போன்ல ஆடற வெளையாட்டுதானுங்க்கா. இதுல வாளைப் பாத்ததுக்கே இப்படி அரண்டுட்டீங்களே! இது மந்திர வாளு. மேல மின்னுது பாருங்க, அதுக்கு ரூன் எழுத்துன்னு பேரு. ஒவ்வொண்ணாப் பதிக்கப் பதிக்க வாளுக்குச் சக்தி ஏறும். அஞ்சாவது எழுத்துதான் கண்டம். உள்ள காப்புக்கல்லு வெச்சாக்கூட பத்துல ஒண்ணு ஒடஞ்சுரும். கல்லே இல்லீன்னா தூளுதான்.

எங்க டீம்ல ஏழு பேருங்க. எருமப்பட்டி சிவபிரகாஷ் போர் போடற ரிக் லாரில எந்த ஊருக்குப் போனாலும் வாளை எனக்குத்தான் அனுப்புவான். மஞ்சு அக்கா கைராசி, அவங்க பதிச்சா நிக்கும்பான். நானும் ராகுகாலம் பாத்துத்தான் பதிப்பேன். சிரிக்காதீங்க. எங்க ஊட்டுக்காரரும் இப்படித்தான் சிரிப்பாரு. ஆனா நின்னுச்சுங்களே!

அப்பத்தான் வந்து சேந்தா, ஆத்தூர் ரிஹானா. வெள்ளிக்கிழமை பதினொரு மணி, சுத்த ராகுகாலம். பிஸ்மி சொல்லி அமுக்குனா. நின்னுருச்சு! ஒண்ணு இல்லீங்க, வரிசையா நாலு வாளு. சிவபிரகாஷும் அவ பக்கம் போயிட்டான். எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. சோறு எறங்கல. பொறாமைதான், வேறென்ன?

அப்புறமா? ஒரு வருசமா வளத்த என் வாளையே அவகிட்டக் குடுத்தேன். கல்லு உள்ள இருக்கு, நீயே பதி சாமின்னேன். அமுக்குனா, தூள் தூளாப் போச்சு. போன்லயே ஓன்னு அழுதா. என் கை ராசியில்லாத கை அக்கான்னு, அதோட பதிக்கறதையே உட்டுட்டா. வாளெல்லாம் திரும்ப எங்கிட்டயே வந்துருச்சு.

ஆமாங்க, இந்த பஸ்ல இப்ப அவ ஊட்டுக்குத்தான் போறேன். நாளைக்கு நிக்காஹ், இன்னிக்கு மருதாணி. நேர்ல பாக்கறது இதான் மொதத் தடவ. மொதப் பொட்டு நாந்தான் வெக்கணுமாம். உங்க ராசிக் கையால வெச்சா எங்கைக்கும் ராசி திரும்பி வந்துரும் அக்கான்னு சொல்றா. அவளுக்கு நல்லாச் செவக்கும்னு நெனச்சா இப்பவும் எரியுதுங்க, என்ன ஜென்மமோ நான்.

வெக்கறதுக்கென்ன, வெச்சுருவேன். வாளைக் குடுக்கறதுக்கு முன்னாடி காப்புக்கல்லை எடுத்து ஒளிச்சதும் இதே கைதானுங்க்கா. கொஞ்சம் காலை மடக்குங்க, ஆத்தூர் வந்துருச்சு.