எண்ணெ வைக்காத தலை

வரலாம்னா என்னாங்க டொக்டர் அர்த்தம்? வரும்னு சொல்லுங்க, இல்ல வராதுன்னு சொல்லுங்க. படிச்ச புள்ள நீங்க, கண்டியிலருந்து வேன் புடிச்சி எங்க தோட்டத்து லயத்துக் காம்பரா வீட்டுக்கு வந்து, எம்மக தனுஷிகாவுக்குப் பிஸ்ஸு வரலாம், வராமலும் போகலாம்னு சொல்றீங்க. இதச் சொல்ல மெசினு எதுக்கு? பஸ் ஸ்டேண்டுல கிளி வச்சிருக்கிறவனும் இதத்தான் சொல்றான், அவன் வயரு கூட சொருகுறதில்ல. மழ வரலாம்னு ரேடியோவுல சொன்னா கொடைய எடுத்துட்டுப் போவேன். பதினேழு வயசுப் பொண்ணுக்குப் பைத்தியம் வரலாம்னா நான் எத எடுத்துட்டுப் போறது?

உக்காருங்க, உக்காருங்க. கோவிச்சிக்காதீங்க, நம்ம பேச்சு இப்படித்தான். டீயக் குடிங்க, ஆறிரும். எம்பொஞ்சாதி கொழுந்து பறிக்கப் போயிருக்கா, நாலரைக்கு மேலதான் வருவா. அவ இல்லாத நேரமாப் பாத்து உங்கள வரச் சொன்னதே நான்தானே. ஏன்னு சொல்றேன், இருங்க.

மொதல்ல அந்த சத்தத்துக்கு வருவோம். அன்னைக்கு ஆஸ்பத்திரியில புள்ள தலையில வயரு வச்ச தொப்பிய மாட்டி, காதுல டிக்கு டிக்குன்னு ஒரே சத்தத்த விட்டு, நடுவுல எப்பயாவது டொக்குன்னு வேற ஒன்ன விட்டீங்க. அந்த டொக்குக்கு மூள துள்ளணுமாம். எம்மக மூள துள்ளலியாம், லேசா அசைஞ்சிச்சாம். அட, இதுக்குத்தானா இம்புட்டுப் படிப்பு! நான் தேயில ஸ்டோருல, கொழுந்து அரைக்கிற ரோலர் ரூமுல, இருபத்தெட்டு வருசம். நாலு மெசினு சேந்து எரையிறப்ப ஒரு பேரிங்கு கரகரன்னா, கண்ண மூடிக்கிட்டே மூணாம் நம்பரும்பேன். ஸ்டோருக்குப் பெரியவரு டீ மேக்கரு, அவரு போயிப் பாத்துட்டு, சரிதான் நல்லமுத்துன்னு வருவாரு. எனக்கு எவனாவது தொப்பி மாட்டிப் பாத்தீங்களா? மாட்ட மாட்டீங்க. துள்ளுற மூள யாருக்கு வேணும்.

என்னாது? ஒரு ஆள வச்சிச் சொல்ல ஏலாதா? கூட்டத்துக்குத்தான் சொல்லலாமா? அப்படி வாங்க வழிக்கு. எரநூறு மண்டையச் சேத்துப் பாத்தா இந்த மாதிரி புள்ளைங்களுக்குத் துள்ளல் கொஞ்சம் கம்மி. ஆனா எந்தப் புள்ளைக்கு வியாதி முத்தும்னு அத வச்சிச் சொல்ல முடியாது. பத்துல ரெண்டு மூணுக்கு வரும், மத்ததுக எல்லாம் வராமத் தப்பிச்சிரும். நல்ல கத. கொழுந்து மூட்டைய மொத்தமா தராசுல ஏத்திட்டு, இதுல எது முத்தல் எலைன்னு என்னையக் கேக்குறீங்க.

உங்க படிப்பு பெருசுதான், இல்லங்கல. லயம்தான் உங்களுக்குத் தெரியல. ரெண்டு நாளைக்கு எண்ணெ வைக்க வேணாம், தலையக் கழுவிட்டு வரச் சொல்லுங்கன்னு உங்க ஆளு போன்ல சொன்னான். நானும் மடையன் மாதிரி தலைய ஆட்டுனேன். வெள்ளன அஞ்சு மணி பஸ்ஸுக்கு, முடிய விரிச்சிப் போட்டுக்கிட்டு, ஸ்டோரு வழியா எறங்குறா புள்ள. பீலிக் கரையில தண்ணி புடிச்ச பொம்பளைங்க அத்தன பேரும் பாத்தாளுக. வயசுப் புள்ள, எண்ணெ இல்ல, சட இல்ல, யாருகிட்டயும் பேச்சும் இல்ல. விடுவாளுகளா? ரோதமுனி புடிச்சிருச்சுன்னு தீர்ப்பு சொல்லிட்டாளுக. ஸ்டோருல மெசினக் காக்குற சாமிங்க அது. வருசா வருசம் ஆடு வெட்டிப் போடுறோம், அதத் தின்னுட்டு எம்மகளப் புடிக்குதாம், நன்றி கெட்ட சாமி. அந்தியில திரும்பி வாறப்ப நீங்க பூசுன பசை வேற தலையெல்லாம் ஒட்டிக் காஞ்சி கெடந்துச்சு. குதிர தள்ளுனது போதாதுன்னு குழியும் பறிச்ச கத.

அடுத்த காம்பரா பேச்சியம்மா இருக்காளே, அவ மகன் குடிச்சிட்டுச் சாக்கடக் கானுக்குள்ள கெடந்தா அது ஒடம்பு அலுப்பு, எம்மக முடியக் காய வச்சா அது முனி. அவதான் எம்பொஞ்சாதி காதுல ஓதுனது. ஓதி, வர்ற வெள்ளிக்கிழமைக்குப் பூசாரியச் சொல்லியாச்சு. வாசல்ல உக்கார வச்சி முனிய எறக்கப் போறாங்களாம். நான் வேணாம்னேன். உனக்குச் சாமி பயம் விட்டுப் போச்சுன்னாங்க.

புள்ளையா? புள்ள சாப்புடுறா, ஸ்கூலுக்குப் போறா. பஸ்ஸுல எல்லாரும் தன்னப் பத்தித்தான் பேசுறாங்கங்கிறா. மனசுல நெனைக்கிறது வெளிய கேக்குதாப்பான்னு கேட்டா ஒரு நாளு. கேக்கல கண்ணுன்னேன். அப்ப எனக்குத்தான் அப்படித் தோணுது போலன்னு சிரிச்சா. தனக்குத்தான் தோணுதோன்னு சந்தேகப்படுற வரைக்கும் நல்லதுன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, உங்க பேச்சுல அது ஒன்னுதான் எனக்குப் புடிச்சது. அத நெனச்சிக்கிட்டுத்தான் தூங்குறேன்.

அந்தப் பாரம் பேப்பரு வச்சிருக்கீங்களா, அன்னைக்கு நெரப்புனது? எடுங்க. குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திச்சான்னு கேட்டிருந்தீங்க, இல்லன்னு போட்டேன். அத அடிச்சிட்டு ஆமான்னு போடுங்க. சிவசாமின்னு எழுதுங்க. எந்தம்பி. அப்ப வயசு பத்தொம்பது. தனுஷிகாவுக்கு அப்படி ஒரு சித்தப்பன் இருந்ததே தெரியாது.

அவனும் ரோலர் ரூமுலதான் வேல பாத்தான். மெசினு தன் பேரச் சொல்லிக் கூப்புடுதுன்னான். அப்ப உங்க தொப்பியெல்லாம் ஏது, பூசாரிதான். வேப்பங்கொத்துல ஆரம்பிச்சி பெரம்புக்கு வந்தாங்க. மொளகாப் பொக போட்டாங்க. எளந்தாரிப் பய, திமிறுனான். காலப் புடிக்க ஆளு வேணும்னாங்க. நான் அண்ணன், நல்ல பலசாலி வேற. ரெண்டு காலையும் சேத்துக் கட்டிப் புடிச்சேன். விடுண்ணே, மூச்சு முட்டுதுண்ணேன்னான். முனிதான் பேசுது, விட்றாதன்னாரு பூசாரி. நான் விடல. கொஞ்ச நேரத்துல காலு தானாத் தளந்துச்சு. முனி எறங்கிருச்சுன்னு சூடம் காட்டிக் கும்புட்டோம் டொக்டர். கும்புட்டு முடிச்சிட்டுத்தான் மூச்சப் பாத்தோம்.

எழுதிட்டீங்களா? கையெழுத்து எங்க போடணும், காட்டுங்க. ஆறு மாசம் கழிச்சி வாங்கங்கிற கதையெல்லாம் வேணாம். ஸ்கூல் ரெண்டு மணிக்கு விடும், உடுப்பு இந்தப் பையில இருக்கு, ரோட்டுல வச்சே வேன்ல ஏத்திக்கங்க. அவகிட்டக் கேட்டுட்டேன், போறேன்னுட்டா. தொப்பிய மாட்டுங்க, மாட்டாம விடுங்க, ஆஸ்பத்திரியில ஒரு கெழம, ஏழு நாளைக்கு வச்சிருங்க. ஏலாதுன்னு மட்டும் சொல்லிறாதீங்க. வெள்ளிக்கிழமைக்கும் காலப் புடிக்க என்னையத்தான் சொல்லி வச்சிருக்காங்க.