மூன்று ஒட்டுச்சீட்டுகளும் ஒரு முதல் பிரதியும்

மேடையின் நடு நாற்காலியில் வீற்றிருந்து, நான் வாய் திறப்பதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட விழாத் தலைவர் சங்கரன் அவர்களே! ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து, இந்த மராட்டிய ஊரின் இரு கோடிகளான வானவடியிலிருந்தும் ஔந்திலிருந்தும் வந்திருக்கும் சான்றோர் பெருமக்களே! எதைக் கேட்டாலும் முகம் மாறாமல் உட்காரப் பழகிய என் அருமைத் தாய்மார்களே! சிற்றுண்டியின் மணம் பிடித்துச் செந்தமிழைச் சகித்துக்கொள்ள வந்த நல்லவர்களே! இந்த நாவலை எழுதிய என் மகள் ஸ்ரீவித்யாவே! அனைவருக்கும் வைஜயந்தியின் பணிவான வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம். ஒரு நிமிடம் உங்களை அழைத்ததிலேயே போய்விட்டது. தலைவர் மகிழ்ச்சியோடு தலையாட்டுகிறார்.

கையில் இருக்கும் அழைப்பிதழைப் பாருங்கள். 'முதல் பிரதி பெறுபவர்' என்ற இடம் மட்டும் சற்றே தடித்திருக்கிறதல்லவா? நகத்தால் கீறிப் பாருங்கள். அடியில் அச்சான பெயர் துரைசாமி. எல்லையில் குண்டுமழைக்கு நடுவே நெஞ்சு நிமிர்த்தி நின்ற ராணுவ வீரர். என் மகளின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு முன்னால் அவரால் நிற்க முடியவில்லை. கேம்ப் ஏரியாவில் உறவுக்காரர் வீட்டில் திடீர்க் கல்யாணம் என்றார். அதன்மேல் ஒட்டப்பட்டவர் ஸ்ரீநிவாசன். அவருக்குத் திடீர்க் காய்ச்சல். அதற்கும் மேலே சாய்கிருஷ்ணா. அமெரிக்காவே போர்த்திக்கொண்டு தூங்கும் இந்த நேரத்தில் அவருக்கு அமெரிக்காவோடு அவசர மீட்டிங்காம்! கடைசிச் சீட்டில் 'மற்றும் பலர்' என்று போட்டிருக்கிறோம். அந்தப் பலரில் ஒருவரையும் காணோம்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பக்கத்தில்?

கதையைச் சொல்லிவிடுகிறேன். டிவியில் ஒரு காதல் போட்டி. ஒரு மாப்பிள்ளை, பன்னிரண்டு பெண்கள். வாரம் ஒருத்தியை அவர் வெளியே அனுப்புவார். மிஞ்சுகிறவளுக்கு மாலை. நம் இலக்கியக் குழுவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: முதல் அத்தியாயத்தை வாசிப்போம், மீதியை நம்புவோம். முதல் அத்தியாயத்தில் பன்னிரண்டு பெண்களும் பட்டுப்புடவையில் வரிசையாக நிற்கிறார்கள். "அடடா, குடும்பக் கதை!" என்று ஒருமனதாக ஒப்புதல் கொடுத்தோம். அழைப்பிதழும் அச்சானது. பிறகுதான் தலைமையுரைக்கு ஒரு நல்ல வரி தேடித் தலைவர் நூலைத் திறந்தார். திறந்தது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

அங்கே போட்டிக்கு வந்த இரண்டு பெண்கள், கேமரா அணைந்த பிறகு, கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "எனக்கு அவரைப் பிடிக்கலைடி. உன்னைத்தான் பிடிச்சிருக்கு" என்கிறாள் ஒருத்தி. அவ்வளவுதான்! பண்பாடு பதறியது. பாரம்பரியம் படுத்தது. துரைசாமிக்குக் கல்யாணம் வந்தது.

ஒரு மாப்பிள்ளை பன்னிரண்டு பெண்களை நிற்கவைத்துக் கழித்துக்கட்டலாம், அது பண்பாடு. வீடு வீடாகப் பஜ்ஜி சாப்பிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று ஏப்பம் விட்டு எழுந்து வரலாம், அது பாரம்பரியம். இரண்டு பெண்கள் யாரையும் கழிக்காமல், யாரையும் அழவைக்காமல், ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தால் மட்டும் உலகம் முழுகிவிடுமா?

யார் அங்கே கைதட்டுவது? பொறுங்கள். நானும் யோக்கியம் இல்லை.

கையெழுத்துப் பிரதியை முதலில் வாசித்தவள் நான். பாதியில் மூடிவைத்து மகளிடம் சொன்னேன்: "ரெண்டு பேர்ல ஒருத்தியை ஆம்பளையா மாத்திடேன்டி. பேரை மாத்தினாப் போதுமே." அவள் நிதானமாகக் கேட்டாள்: "மாத்தலாம்மா. மீனுவை என்ன பண்றது?"

மீனு, ஔந்த் ஃப்ளாட்டில் என் மகளோடு மூன்று வருடமாக இருக்கும் பெண். கேட்பவர்களிடமெல்லாம் ரூம்மேட் என்று சொன்னேன். ரூம்மேட்டுக்கு என்று மூன்று தீபாவளிக்கு மைசூர்பாகு கொடுத்தனுப்பினேன். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு இரண்டு மாதம் பெற்ற மகளிடம் பேசவில்லை. என்ன கொள்கைப்பிடிப்பு! என்ன குலப்பெருமை! அவள் பேரைப் போனில் பார்த்தும் எடுக்காமல் உட்கார்ந்திருந்த வீராங்கனை நான்.

ஒருநாள் மீனு கூப்பிட்டாள். வானவடியில் வளர்ந்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அப்படித்தான் இந்த நாவலை வாசித்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, ஒரு டவுட். வித்யாகிட்ட கேட்டா அழுவா, அதான் உங்ககிட்ட கேக்கறேன். மருகினாள்னா என்ன?"

"வெளியில சொல்ல முடியாம உள்ளுக்குள்ளயே நொந்து போறதும்மா."

"அச்சா... நீங்க பேசாம இருக்கீங்கல்ல, அதுக்கு அவ டெய்லி பண்றாளே, அதுவா?"

போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று மாலையே ஆட்டோ பிடித்து ஔந்துக்குப் போனேன்.

அன்பர்களே! இளைஞர்கள் தமிழ் வாசிப்பதில்லை என்று மாதந்தோறும் தீர்மானம் போடும் மாண்புமிகு சங்கம் நம்முடையது. கேட்கிறேன்: இந்த இருநூற்றுப் பதினான்கு பக்கங்களையும் முழுதாக வாசித்தவர் யார்? கைதூக்குங்கள் பார்ப்போம்! தலைவரே, தாங்கள்? இல்லையா? கண்ணாடியைத் துடைக்கிறீர்களா, நல்லது. செயற்குழு? முன்வரிசை?

அதோ, ஒரு கை! வாசலருகே, புத்தக மேஜைக்குப் பின்னால். எட்டு மாதம், எழுத்தெழுத்தாக, கடைசிப் பக்கம்வரை வாசித்த ஒரே கை. "மேடைப் பக்கம் வேண்டாமே" என்று நாம் நாசூக்காக அங்கே உட்காரவைத்த கை.

இதோ, அழைப்பிதழிலிருந்து மூன்று சீட்டுகளையும் கிழிக்கிறேன். அடியில் இருக்கும் துரைசாமியையும் மன்னிப்புக் கேட்டுப் பேனாவால் அடிக்கிறேன். நேற்றே இரண்டு பேரிடமும் சம்மதம் கேட்டுவிட்டேன். என் மகள் என் தோளில் சாய்ந்தாள். மற்றவள், "புடவை கட்டிட்டு வரணுமா ஆன்ட்டி?" என்றாள்.

'கேமரா அணைந்த பின்' நாவலின் முதல் பிரதியைப் பெறுபவர் மீனு. என் மகளின் துணை. எங்கள் வீட்டுப் பெண். ரூம்மேட் என்று இதுவரை நான் சொன்னதெல்லாம் பொய்.

தலைவரே, நூல் உங்கள் கையில்தான் இருக்கிறது. நீட்டினால் போதும், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் கடிக்காது. எழுந்துவிட்டீர்களா? உங்களைப் பற்றிச் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மீதியைச் சிற்றுண்டியின்போது பேசிக்கொள்வோம்.

ஐந்து நிமிடம் கொடுத்துப் பத்து நிமிடம் பொறுத்த அவைக்கு நன்றி. கைதட்டியவர்களுக்கு நன்றி, தட்டாமல் தரையைப் பார்த்தவர்களுக்கும் நன்றி, இரண்டு மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன். எல்லோருக்கும் என் வணக்கம்.

வாம்மா மீனு. மைக் ஒயர் இருக்கு, தடுக்கிக்காதே. வித்யா, கையைக் குடுடி அவளுக்கு.