விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிய விதம்

பெப்ரவரியில் ஓஸ்லோவில் இருப்பவர்கள் வெயில் தேடிப் போவது வழக்கம். பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்கால விடுமுறை விட்டதும் பியோர்ண்டாலில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் இருண்டுவிடும். சிலர் மலைக்குப் பனிச்சறுக்கப் போவார்கள். வசதியுள்ளவர்கள் வெயில் காயும் கிரான் கனாரியாத் தீவுக்குப் போய்த் தோல் சிவந்து திரும்புவார்கள். நாங்கள் இத்தனை வருடத்தில் ஓரிடமும் போனதில்லை. வகுப்பில் எங்கும் போகாத பிள்ளை தான் ஒருத்திதான் என்று என் மகள் கம்சிகா சொன்னாள். தாய் ஒருத்தி அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது.

நீங்கள் அண்ணாவைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பது தெரியும். அங்கேதான் வருகிறேன்.

சற்குணம் அண்ணா என் ஒரே உடன்பிறப்பு. எனக்கு முன்னமே நோர்வேக்கு வந்து, வடக்கே ஃபின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினார். அந்தக் குளிரில் அவருடைய வலதுகைச் சுட்டுவிரல் வளைந்து அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஓஸ்லோவுக்கு வந்து பகலில் ஹோட்டலில் பாத்திரம் கழுவினார். மாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். ஊரிலிருந்து என்னைக் கூப்பிட்டு எடுத்தார். எனக்குப் பேசிய மாப்பிள்ளை இரவீந்திரனையும் கூப்பிட்டு எடுத்தார். நாங்கள் இருக்கும் வீட்டை வாங்கினார். தான் மட்டும் கல்யாணம் செய்யவில்லை. அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்பார். நாங்களும் வற்புறுத்தவில்லை. ஒருவருடைய சொந்த விஷயத்தில் தலையிடுவது நாகரிகமல்ல.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"அண்ணா, வேலைக்கு நேரம் போகுது" என்றேன்.

சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். "ஏலாது, தேவி" என்றார்.

காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. டொக்டர் வந்து பார்த்துவிட்டு மனச்சோர்வு என்றார், குளிசை எழுதித் தந்தார். எனக்கும்தான் மனம் சோர்கிறது. நான் எழும்பாமலா இருக்கிறேன்? மாதங்கள் போகப்போக அவர் பேசுவதும் நின்றுவிட்டது.

நாங்கள் அவரைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொடக்கத்தில் புட்டும் சம்பலும் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கணவர் டாக்சி ஓடத் தொடங்கினார். நான் முதியோர் இல்லத்தில் வேலை எடுத்தேன். அங்கே எல்லோரும் என்னைப் பொறுமைசாலி என்பார்கள். நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம். கொஞ்சக் காலத்தில் புதுக் காரும் வந்தது, வெள்ளைத் தோல் சோபாவும் வந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அண்ணா உழைக்காமலே எங்களால் வாழ முடியும். இவ்வளவு காலமும் எங்களை அது தெரியவிடாமல் வைத்திருந்தவர் அவர்தான். அதில் அவர்மீது எனக்குச் சிறிய மனவருத்தம் இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

வீடு அவருடைய பெயரில் இருப்பதை ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பீர்கள். நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. வேறு வாரிசு இல்லாதபோது யோசிக்கத் தேவையில்லை.

கம்சிகா வளர்ந்தாள். அவளுக்குப் படிக்க ஓர் அறை வேண்டும். அண்ணாவின் அறையில் நல்ல பெரிய யன்னல் இருந்தது. ஆனால் அவர் யன்னலைப் பார்ப்பதில்லை, சுவரையே பார்ப்பார். சுவர் எந்த அறையிலும் உண்டு. ஆகவே அவரைக் கீழே, நிலவறையில் சாமான் போட்டு வைக்கும் அறைக்கு மாற்றினோம். கார்ச் சில்லுகளையும் அரிசி மூட்டைகளையும் ஒரு பக்கம் தள்ளிக் கட்டில் போட்டோம். யன்னல் இல்லாத அறை என்பதால் காற்றுப் புகாது. மின்சார ஹீட்டரும் பூட்டிக் கொடுத்தோம்.

கம்சிகாதான் சாப்பாடு கொண்டுபோவாள்.

"அம்மா, இண்டைக்கு மாமா என்னைப் பாத்துச் சிரிச்சவர்" என்று ஒருநாள் சொன்னாள்.

"சாப்பாட்டை வைச்சிட்டு உடனை மேலை வா. அவருக்கு இருமல்" என்றேன்.

அவருக்கு இருமல் இருக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சுருக்கமான காரணம் சொல்வதுதான் நல்லது.

பிறகு அவள் பெரியபிள்ளையானாள், சாமத்திய வீடு வந்தது. எங்கள் ஆட்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஒருவர் பிள்ளையைக் குதிரை வண்டியில் கொண்டுவந்தால் அடுத்தவர் படகு பிடிப்பார். நாங்கள் அவ்வளவுக்குப் போகவில்லை. மண்டபத்துக்குப் புறப்படும் முன் வீட்டில் வைத்துக் கொஞ்சம் வீடியோ எடுப்பது என்றுதான் ஒழுங்கு. லண்டனிலிருந்து என் கணவரின் பெரியக்கா மங்களேஸ்வரி வந்திருந்தார். கம்சிகா நகையெல்லாம் போட்டு வெள்ளைச் சோபாவில் இருந்தாள். வீடியோக்காரர் வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அப்போது அண்ணா படியேறி வந்தார். பழைய கம்பளிச் சட்டை, கீழே குளிருக்குப் போடும் உள்காற்சட்டை. தாடி நெஞ்சுவரை. ஒருவரையும் பார்க்காமல் வந்து கம்சிகாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அவளுடைய நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவ்வளவு பெண்கள் நின்றோம், எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த வளைந்த விரலால் அதை மெல்ல நகர்த்தி நடுவில் வைத்தார்.

"ஆர் இவர்?" என்று மங்களேஸ்வரி அக்கா கேட்டார்.

நான் உடனே பதில் சொன்னேன். "கீழை வாடகைக்கு இருக்கிறவர், அக்கா. தனிய இருக்கிற மனுசன், பாவம்."

கம்சிகா வாய் திறக்கப் போனாள். நான் அவளைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டாள், கெட்டிக்காரப் பிள்ளை. அண்ணா எழுந்தார். மங்களேஸ்வரி அக்காவைப் பார்த்து, அந்நியர் வீட்டுக்கு வந்தவர் விடைபெறுவதுபோல, கைகூப்பினார். படியிறங்கிப் போனார். வீடியோவில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டோம். ஒரு கை மட்டும் ஓரிடத்தில் தப்பி நிற்கிறது. எந்த மாமியின் கை இவ்வளவு முரடு என்று சனங்கள் கேட்கிறார்கள்.

அதன்பிறகு அந்த அறைக் கதவுக்கு வெளியே கொண்டி போட்டேன். அவருடைய பாதுகாப்புக்காகத்தான். அந்தக் கோலத்தில் பனிக்குள் இறங்கிப் போனால் யார் பொறுப்பு?

இனி விடுமுறை. வெறும் வீட்டை விட்டுப் போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று காப்புறுதிக்காரர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். பிரதான தண்ணீர்க் குழாயை மூட வேண்டும். தண்ணீர் உறைந்து குழாய் வெடித்தால் பார்க்கே மரத்தரை ஊறி எழும்பிவிடும். நாங்கள் தரையை அந்த வருடம்தான் மாற்றியிருந்தோம். மின்சாரத்தையும் நிறுத்தினால் தீப்பிடிக்கும் பயம் இல்லை. நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

ஃபிரீசரில் ஆட்டிறைச்சியும் மீனும் நிறைய இருந்தன. மின்சாரம் இல்லாவிட்டால் பழுதாகிவிடும் என்று கிளெமென்றைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அண்ணாவோடு அந்த மீன் தொழிற்சாலையில் நின்றவர் அவர். இறைச்சிப் பெட்டியைத் தூக்கியபடி, "அப்ப சற்குணம்?" என்றார்.

"அவரும் எங்களோடை வாறார், அண்ணை. வெயில் பட்டால் தேறுவார் எண்டு டொக்டர் சொன்னவர்."

கிளெமென்றின் கண் கலங்கியது. "நல்ல காரியம் செய்யிறாய், பிள்ளை" என்றார்.

கம்சிகாவிடம், மாமாவை ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறோம் என்று சொன்னேன். என் கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அது அவருடைய நல்ல குணம். பெட்டிகளை டாக்சியில் ஏற்றிவிட்டு, கம்சிகாவோடு உள்ளே ஏறி இருந்தார்.

அண்ணாவுக்குப் பாண், பழம், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வைத்தேன். பாலும் வைத்தேன். அந்தக் குளிரில் பால் கெடாது என்று எனக்குத் தெரியும்.

கிரான் கனாரியா நன்றாக இருந்தது. கம்சிகா நீந்தப் பழகினாள். திரும்பி வந்தபோது விமான நிலையத்துக்குக் கிளெமென்ற் தன் வாகனத்தோடு வந்திருந்தார். எங்கள் மூவரையும் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களையும் பார்த்தார்.

"சற்குணம் எங்கை?"

"மாமா ஆஸ்பத்திரியிலை எல்லோ, அங்கிள்" என்றாள் கம்சிகா.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாகனத்தை எடுத்தார். வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. நாங்கள் இல்லாத நாட்களில் சரியான குளிராம், வானொலியில் சொன்னார்கள். வீட்டுக்குள் போனதும் நான் தரையைப் பார்த்தேன். ஒரு பலகைகூட எழும்பவில்லை. கிளெமென்ற் கீழே இறங்கினார்.

கம்சிகா இப்போது கிளெமென்ற் வீட்டில் இருக்கிறாள். என்னோடு கதைக்க மாட்டாளாம். தனக்கென்று ஒரு வீடு வரும்போது அவளுக்கு விளங்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் அந்த விடுமுறை முழுவதும் வீட்டில்தான் இருந்தாராம். நடுச்சுவர் மெல்லியது, ஒரு தட்டல்கூடக் கேட்கவில்லை என்கிறார். மனிதர் ஏன் கதவைத் தட்டவில்லை, ஏன் கத்தவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

நான் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கொண்டி போடக் கீழே போனேன். இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவர் பேசினார்.

"தேவி, குளிருது."

அந்த அறை எவ்வளவு குளிரப்போகிறது என்பது எனக்குத் தெரியும். நாங்கள் வரும்வரை அவர் தாங்கமாட்டார் என்பதும் தெரியும். தெரிந்துதான் மின்சாரத்தை நிறுத்தினேன், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ, அண்ணா. வந்து போடுறன்" என்றேன்.

"ஓம்" என்றார்.

நான் சொன்னால் அவர் நம்புவார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆகவேதான் தட்டாமல் பொறுத்திருந்திருக்கிறார். ஆனால் நான் அவரிடம் பொய் சொன்னதாக மட்டும் எழுத வேண்டாம். வந்ததும் முதல் வேலையாக மின்சாரத்தைப் போட்டேன். கிளெமென்ற் கீழே இறங்கிப் போனதே அந்த வெளிச்சத்தில்தான்.