உயிருடன் உள்ள குழந்தைகள்: இரண்டு

கட்டாயக் கருத்தடைப் பாதிப்புகளுக்கான இழப்பீட்டு ஆணையம், விசாரணைப் பிரிவு. மனு தள்ளுபடியானதை எதிர்த்துச் செய்யப்பட்ட மேல்முறையீட்டில், சாட்சி தாமாக முன்வந்து அளித்த வாக்குமூலம். சாட்சியின் பெயரும் முகவரியும் ஆணைய விதிப்படி தனி உறையில் வைக்கப்பட்டுள்ளன. வயது அறுபத்தெட்டு. வீட்டைக் கவனித்து வருபவர். பள்ளிக்குச் சென்றதில்லை. இதில் சொல்வது தமக்கு எதிராகவும் பயன்படலாம் என்று எடுத்துச் சொன்ன பிறகும் சொல்ல விரும்புவதாகத் தெரிவித்தார்.

நான் மேற்படி வயதும் விவரமும் உடையவள். மனுதாரர் என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் தம்பி மனைவி. எங்கள் இருவரின் கணவர்களும் காலமாகிவிட்டார்கள். நாங்கள் இருவரும் இன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவள் முன் அறையில் தையல் இயந்திரம் போட்டுத் துணி தைக்கிறாள். நான் சமையலையும் வீட்டு வரவு செலவையும் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு எழுதப் படிக்க யாரும் சொல்லித் தரவில்லை. பிரார்த்தனைப் புத்தகம் முழுவதும் மனப்பாடமாகத் தெரியும் என்பதால், வாயால் சொல்லிக்கொண்டே அச்சில் விரலை நகர்த்தி எந்த எழுத்துக்கு எந்தச் சத்தம் என்று கண்டுபிடித்தேன். அப்படிக் கிடைத்த எழுத்து என்பதால், எதை எழுதினாலும் முதலில் கடவுளுக்கென்று மேலே ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் எழுதுவேன். பால் கணக்காக இருந்தாலும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து ஆண்டுக்கு ஒன்றாகக் கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் இரண்டை இன்று கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன்.

நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் எனக்கு இரண்டு குழந்தைகள் இருந்தார்கள், இரண்டும் ஆண். ஓரகத்திக்கு அப்போது வயது இருபத்திரண்டு. ஒரு முறை கரு தங்காமல் போய்விட்டது. வேறு குழந்தை இல்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பங்கீட்டு அட்டை. மாவு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் அந்த அட்டைக்குத்தான். அந்த ஆண்டு அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமானால், ஒவ்வொரு அட்டையிலிருந்தும் ஒரு பெண் கருத்தடைக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்று அரசு சொன்னது. பெயர் கொடுத்தால் ஒரு பிளாஸ்டிக் வாளி தருவார்கள். அதற்காகத் தெருவுக்கு வந்த சுகாதார எழுத்தரைத் தெருவில் எல்லோரும் வாளிக்காரர் என்றே சொல்வார்கள். அவர் தலை தெரிந்தாலே பக்கத்து வீட்டுக்காரி, “வந்துட்டாருடி, இன்னைக்கு யார் குடியை மொள்ளப் போறாரோ” என்பாள். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை ஓரகத்தி தன் தாய் வீட்டுக்குப் போனாள். அவள் பஸ்ஸுக்கு நான் கொடுத்த காசு நோட்டில் அந்தத் தேதியில் இருக்கிறது. மறுநாள் செவ்வாய்க்கிழமை, சமையல் முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது வாளிக்காரர் வந்தார். வாசலில் நின்றபடியே ஃபாரத்தை நீட்டினார். “ஒரு கார்டுக்கு ஒரு பேரும்மா. இன்னைக்கே வேணும். இல்லேன்னா அடுத்த மாசம் உங்க வீட்டு அடுப்பு எரியாது. நான் சொல்லல, மேல சொல்றாங்க” என்றார். ஓரகத்தி ஊரில் இல்லை, புதன் சாயங்காலம்தான் வருவாள் என்று அவரிடம் சொன்னேன். இதை நான் தெளிவாகச் சொன்னேன், அவரும் காதில் வாங்கிக்கொண்டார். அதற்கு அவர், “ஆள் எதுக்கும்மா, எழுதத் தெரிஞ்ச நீங்கதான் இருக்கீங்களே. உங்க பேரோ அவங்க பேரோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்று பேனாவைக் கையில் கொடுத்தார்.

அதன் பிறகு நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரித் தட்டின் மேல் வைத்து ஃபாரத்தை எழுதினேன். முழுவதும் படித்துவிட்டுத்தான் எழுதினேன். புரியாமல் எழுதினேன் என்று சொல்லமாட்டேன். பெயர் என்ற இடத்தில் ஓரகத்தியின் பெயரை எழுதினேன். உயிருடன் உள்ள குழந்தைகள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒன்றுமில்லை என்று எழுதினால் ஃபாரம் திரும்பி வந்துவிடும், அப்புறம் என் பெயரைத்தான் கொடுக்க வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும். அதனால் இரண்டு என்று எழுதினேன். அந்த இரண்டும் என் பிள்ளைகள். என் வாழ்நாளில் நான் எழுதிய பொய்க் கணக்கு அது ஒன்றுதான். அதன் கீழே அவள் கையொப்பத்தையும் நானே போட்டேன். வாளிக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அட்டையில் முத்திரை குத்தி, ஒரு பச்சை வாளியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைய கணக்கில் வரவு, பச்சை வாளி ஒன்று என்று எழுதியிருக்கிறேன். சாயங்காலம் கணவர் வந்ததும், ஓரகத்தி பெயரைக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர், “கார்டுல முத்திரை விழுந்துதா?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

உங்கள் பெயரை எழுதியிருக்கலாமே என்று விசாரணை அதிகாரி கேட்டார். எழுதியிருக்கலாம். எனக்குப் பெண் குழந்தை வேண்டும் என்று அப்போது கடவுளிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் சின்னவள், அவளுக்கு என்ன ஆனாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

அதன் பிறகு வியாழக்கிழமை, இரத்தம் குறைவாக இருப்பவர்களுக்கு அரசு ஊசி போடுகிறார்கள் என்று சொல்லி, கருத்தடை முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு அவளை அழைத்துப்போனேன். என்னோடு வெளியே போகிறோம் என்று அவள் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். அங்கே வகுப்பறைகளில் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பெண்களை வரிசையில் நிறுத்தி மணிக்கட்டில் மையால் எண் எழுதினார்கள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு பேர் அவளைத் தூக்கிவந்து வராந்தாவில் விரிப்பின் மேல் கிடத்தினார்கள். அவள், “அக்கா, ஊசின்னுதானே சொன்னே, வயிறு ஏன் இப்படி வலிக்குது?” என்று கேட்டாள். சரியாகிவிடும் என்று சொன்னேன். அவள் காலில் செருப்பு இல்லை. நான் உள்ளே போய் எல்லா அறையிலும் தேடினேன். கிடைக்கவில்லை. அடுத்த வாரக் கணக்கில், செருப்பு ஒரு ஜோடி, ஓரகத்திக்கு, என்று இருக்கும்.

அவளுக்குச் செய்தது என்ன என்று நான்கு மாதம் கழித்து வேறொரு டாக்டர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அரசாங்கம் ஏமாற்றிவிட்டது என்று நினைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. மறு ஆண்டு எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்ல உட்காரும்போதெல்லாம் எனக்குப் பாதியில் வார்த்தை நின்றுவிடும். மகளுக்குக் கையால் தைத்த முதல் சட்டையிலிருந்து கல்யாண உடை வரை எல்லாவற்றையும் தைத்தது ஓரகத்திதான். அளவு எடுக்காமலே தைப்பாள்.

அறுவைச் சிகிச்சை நடந்து மூன்றாம் ஆண்டு, தையல் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டபோது, கைநாட்டுக்குக் கொடுக்கமாட்டோம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அதுவரை அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. அவளுக்கு ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்று நானே உட்கார்ந்து அவள் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தேன். நான் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து என் எழுத்தைப் போலவே எழுதினாள். மேலே கடவுளுக்குப் புள்ளி வைக்கவும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஆண்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவள் முதன்முதலில் எழுதிப் பழகியது தேதியோடு இருக்கிறது. அதுதான் நான் ஒப்படைத்துள்ள இரண்டாவது நோட்டு.

சென்ற ஆண்டு அரசு தவறை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இழப்பீடும் மன்னிப்புக் கடிதமும் தருவதாக அறிவித்தது. அவள் மனு போட்டாள். மனுவையும் நான்தான் எழுதினேன், கையொப்பம் மட்டும் அவளுடையது. பழைய ஃபாரம் இன்னும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஆணையத்தின் உத்தரவு வந்தது. வீட்டுக்கு வரும் கடிதம் எதுவானாலும் நான்தான் படித்துச் சொல்வேன், அதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அதில் இருந்தது இதுதான்: பழைய ஃபாரத்தில் உள்ள கையொப்பமும் மனுவில் உள்ளதும், மேலே உள்ள புள்ளி உட்பட, ஒத்துப்போகின்றன. வியாழக்கிழமை டாக்டர் முன்னிலையில் மனுதாரர் தாமே கையொப்பமிட்டிருக்கிறார். அப்போது அவருக்கு இரண்டு குழந்தைகள். ஆகவே இசைவு தன்விருப்பமானது, மனு தள்ளுபடி.

அவள் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “ரெண்டு புள்ளையா? எனக்கே தெரியாம பெத்துருக்கேன் பாரு. ஒண்ணாவது வந்து ஒரு வாய் தண்ணி குடுத்துச்சா?” என்று சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கும் வரை இருந்து, அதன் பிறகு நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கால் நின்றது. “அந்த ரெண்டு யாரு?” என்று கேட்டாள். நம் வீட்டுப் பையன்கள்தான் என்றேன். அவள் ஊசியிலிருந்து துணியை எடுத்து, மடித்து, அந்தப் பச்சை வாளியில் போட்டாள். வெட்டுத்துணி போட்டு வைக்க இத்தனை நாளும் அதைத்தான் வைத்திருந்தாள். பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டாள், தட்டைத் தானே கழுவி வைத்தாள்.

இதற்கிடையில் நான் மேல்முறையீட்டைப் பார்க்கும் வக்கீலம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர், “நீங்க இதைச் சொன்னா அரசாங்கம் சும்மா இருக்காதும்மா. குடும்பத்துக்குள்ள நடந்த மோசடி, எங்களுக்குச் சம்பந்தமில்லன்னு கை கழுவிடும். உங்களுக்கும் வழக்கு, அவங்களுக்கும் ஒண்ணும் கிடைக்காது” என்று எச்சரித்தார். அதை வீட்டுக்கு வந்து, அவள் கேட்கிறாளோ இல்லையோ என்று, அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் அவளாகப் பேசினாள். “கையெழுத்து நீ போட்டே. ஃபாரத்த அச்சடிச்சது யாரு? வாளி வாங்கிக் குடுத்தது யாரு? என்னைய மேசையில படுக்க வச்சவன் என் பேரையாவது கேட்டானா? அவங்க பாவத்தையும் சேர்த்து நீ தூக்கிக்காதே. போய் உள்ளத உள்ளபடி சொல்லு” என்றாள். பிறகு, “உன்னை விட்டுட்டேன்னு நினைச்சுக்காதே, அது வேற கணக்கு” என்றாள்.

ஆகவே நான் சொல்வது இதுதான். அந்தக் கையொப்பம் மனுதாரருடையது அல்ல, என்னுடையது. அது போடப்பட்டது டாக்டர் முன்னிலையில் அல்ல, வியாழனும் அல்ல. செவ்வாய்க்கிழமை என் சமையலறையில். மனுதாரர் அப்போது ஊரில் இல்லை என்பதும் கையொப்பம் போட்டது நான் என்பதும் அரசின் எழுத்தருக்குத் தெரியும். அதிகாரி கேட்டதன் பேரில் அவர் முன் அவள் பெயரை ஐந்து முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஐந்திலும் புள்ளி இருக்கிறது. எனக்குத் தண்டனை உண்டென்றால் ஏற்றுக்கொள்கிறேன். அதை வைத்து அவளுக்குக் கிடைக்க வேண்டியதைக் குறைக்க வேண்டாம்.

இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. இதில் உள்ளவை நடந்தவை; கூட்டியது இல்லை, குறைத்தது இல்லை. ஒரே ஒரு வேண்டுகோளை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்தப் பழைய ஃபாரத்தில், உயிருடன் உள்ள குழந்தைகள் என்ற கட்டத்தில் இருக்கும் இரண்டை அடித்துவிட்டு, இல்லை என்று எழுத வேண்டும். அதை அரசாங்கத்தைச் சேர்ந்த யாராவது, அவளை எதிரில் உட்காரவைத்து, கேட்டு எழுதட்டும். என் கையால் வேண்டாம்.

(ஒப்பம்)
சாட்சி

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. கணக்கு நோட்டுகள் இரண்டும் மாதிரிக் கையெழுத்துத் தாள் ஒன்றும் இணைக்கப்பட்டுள்ளன. காலை பத்து மணி முதல் மனுதாரர் அறைக்கு வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தார். உள்ளே அழைத்தபோது வரவில்லை. சாட்சி முடித்து வெளியே வரும் வரை எழுந்தும் போகவில்லை.

(ஒப்பம்)
விசாரணை அதிகாரி