எவரிஸ்தோ வேண்டாமென்ற மதிப்பெண்

— இருபத்தொன்பதையுமா வேண்டாம்ங்கறீங்க, எவரிஸ்தோ ஐயா?

— வேண்டாம் டாக்டரம்மா. செப்டம்பர்ல மறுபடி வந்து உட்கார்றேன்.

— வாய்மொழித் தேர்வுல முப்பதுக்கு இருபத்தொன்பது. வெளியே வராந்தாவுல வேர்த்து வழிய நிக்குதுங்களே, இருபது வயசுப் பிள்ளைங்க, அதுங்க இதுக்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்திருக்குங்க.

— அதுங்களுக்கே குடுத்துடுங்களேன்.

— மதிப்பெண் பிடிக்கலைன்னா மாணவர் மறுக்கலாம்னு விதி இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது பாஸ் மார்க் பதினெட்டை மட்டும் வாங்கிட்டு அழறவங்களுக்கு வச்ச விதி. நீங்க முதல்ல இருபத்துநாலை மறுத்தீங்க. அப்புறம் இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. மத்த பாடமெல்லாம் முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. பட்டத்துக்கு இந்தப் பழைய கிரேக்கத்து ஸ்டோயிக் தத்துவப் பாடம் ஒண்ணுதான் பாக்கி.

— என்னைவிட நீங்க நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க.

— இப்பத்தான் கால் மணி நேரம் பேசினீங்க. 'ஊரார் மெச்சறது ரோட்டுப் புழுதி மாதிரி, நம்ம கையில இல்லாததுக்கு மனசு அசையக் கூடாது'ன்னு. கேட்டு எனக்கே புல்லரிச்சுது. அதே வாய், ஒரு மதிப்பெண் குறைஞ்சுதுன்னு முறுக்கிக்குது.

— மதிப்பெண்ணுக்காக இல்லை டாக்டரம்மா. கேளுங்க. முப்பத்தோரு வருஷம் தபால் பை தூக்கினேன். ஞாயித்துக்கிழமையானா கிராமத்துக் கால்பந்துக்கு நடுவர். செத்துப்போன தாத்தா வரைக்கும் இழுத்துவச்சுத் திட்டுவாங்க. ஒரு தடவை என் சைக்கிளைத் தூக்கி வாய்க்கால்ல போட்டுட்டாங்க. நடந்தே வீட்டுக்குப் போனேன். மனசு அசையலை.

— அதைத்தான் நானும் கேட்கறேன். நீங்க பெனால்டி குடுத்தப்புறம் ஆட்டக்காரன் ஒருத்தன் வந்து, 'இன்னைக்கு வேண்டாம், செப்டம்பர்ல உதைச்சுக்கறேன்'னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?

— விசில் ஊதினா ஊதினதுதான்.

— அப்போ?

— என் பதில்ல ஒரு ஓட்டை இருக்கு. 'ஒப்புதல்'னு ஒரு தலைப்பு வருமே, அந்தப் பக்கம் மட்டும் என் நோட்டுல இல்லை. ஒவ்வொரு தடவையும் அங்கேதான் மாட்டிக்கறேன்.

— யார் நோட்டையாவது பார்த்து எழுதிக்கறதுதானே.

— மூணு தடவை எழுதினேன். மூணு தடவையும் காணாமப் போச்சு. வீட்டுல எலி நடமாட்டம் இருக்குன்னு என் சம்சாரம் அர்ஜியா சொல்றா.

— படிச்ச எலி.

— ருசி தெரிஞ்ச எலி.

— சரி, நோட்டை விடுங்க. மைதானத்துல போய் நில்லுங்க. கோலுக்குப் பக்கத்துல ஒருத்தன் தடால்னு விழறான். முதல்ல என்ன நடக்குது?

— விழறது கண்ணுல படும். அது என்னைக் கேட்டுக்கிட்டு வராது. நெஞ்சு திக்குங்கும். கை தானா விசிலுக்குப் போகும்.

— அப்புறம்?

— அப்புறம் ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுதான், டாக்டரம்மா, நடுவரோட வேலை. நிஜமாவே காலைத் தட்டினானா, இவன் நடிக்கிறானான்னு பார்த்துட்டு ஊதணும், இல்லை விடணும். சுத்தி நின்னு ஊரே கத்தினாலும் அந்த ஊதல் என்னோடது.

— கண்ணுல படறது தானா வருது. அதுக்குச் சரின்னு சொல்றதும் சொல்லாததும் நம்மகிட்ட இருக்கு. அதுக்குத்தான் ஐயா ஒப்புதல்னு பேரு. எலி தின்ன பக்கத்துலகூட இவ்வளவு தெளிவா இருந்திருக்காது. முப்பது. சிறப்புப் பாராட்டும் சேர்த்து. இதுக்கு மேல குடுக்க எங்கிட்ட எதுவும் இல்லை.

— அதுவும் வேண்டாம்.

— ஐயா.

— கோவிச்சுக்காதீங்க.

— கோவிச்சுக்கலை. வெளியே இன்னும் பதினோரு பேர் இருக்காங்க, இருக்கட்டும். உங்களுக்கு எதுக்கு இந்தப் பட்டத்தைக் கண்டா பயம்? அதை மட்டும் சொல்லுங்க.

— என் பொண்ணு மொரேனா ஓஸ்லோவுல இருக்கா. 'வீட்டை வித்துட்டு ரெண்டு பேரும் என்கூட வந்து இருங்க'ன்னு ஆறு வருஷமா நச்சரிக்கறா. 'படிப்பு முடியட்டும்மா, மறு வாரமே வந்துடறோம்'னு வாக்குக் குடுத்துட்டேன்.

— வாக்குக் குடுத்தப்போ படிப்பு முடியும்னு நினைக்கலையா?

— அறுபத்தஞ்சு வயசுத் தபால்காரன் தத்துவம் படிச்சுத் தேறுவான்னு யாரு நினைச்சா? நான் ஃபெயிலாவேன்னு நம்பித்தான் சேர்ந்தேன். படிக்கப் படிக்கப் பிடிச்சுப் போச்சு. அது என் தலைவிதி. டாக்டரம்மா, மத்தியானம் மூணு மணிக்கே இருட்டற ஊர்ல எனக்கு என்ன வேலை? தெருவுல நின்னு திட்டக்கூட ஆள் கிடைக்காது.

— இதை உங்க சம்சாரத்துகிட்ட சொன்னீங்களா?

— எப்படிச் சொல்றது? அவ ரெண்டு குளிர்காலமா கம்பளிச் சட்டை பின்னிட்டிருக்கா. எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. பொட்டியைக்கூடப் பரண்லேருந்து இறக்கியாச்சு. அவ ஆசையில மண்ணைப் போடச் சொல்றீங்களா? அதான் எல்லா வழியும் பார்த்தேன். ஈஸ்டருக்கு நம்ம ஊர்ப் பழைய கோபுரத்துலகூட ஏறினேன்.

— பட்டம் வாங்கறதுக்கு முன்னால அந்தக் கோபுரத்துல ஏறினா பட்டமே கிடைக்காதுன்னு நம்ம பொலோன்யா ஊர்ல முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியுமே.

— தெரிஞ்சுதான் ஏறினேன். ஐநூறுக்கு ரெண்டு படி கம்மி. அர்ஜியாதான் 'வா, மேல நல்லாக் காத்து வரும்'னு இழுத்துட்டுப் போனா. பாவம், அவளுக்கு இந்தச் சமாச்சாரமெல்லாம் தெரியாது. நானும் வாயைத் திறக்கலை.

— ஸ்டோயிக் தத்துவம் படிச்ச மனுஷன், சகுனத்தை நம்பி ஐநூறு படி.

— முழங்கால் இன்னும் வலிக்குது.

— போன தடவை நீங்களே ஒரு கதை சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? ஒலிவ எண்ணெய்ச் செக்குல கட்டின கழுதை. அறுவடை முடிஞ்சு அவுத்து விட்டாங்களாம். எதிர்ல பச்சைப்பசேல்னு புல்லு. அது என்னடான்னா ஒரு மரத்தைத் தேடிப் பிடிச்சு அதையே சுத்த ஆரம்பிச்சுதாம். 'விவேகம் இல்லாதவன் கதி இதுதான்'னு முடிச்சீங்க. அதுக்குத்தான் இருபத்தெட்டு போட்டேன்.

— அந்தக் கதையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

— ரோஷப்படாதீங்க, நானும் அந்தக் கழுதைதான். பதினோரு வருஷமா தற்காலிக வேலை, இதே அறை, இதே ஆடற நாற்காலி. எஸ்தோனியாவுல நிரந்தர வேலை தரேன்னாங்க. மூணு தடவை 'யோசிச்சுச் சொல்றேன்'னு தள்ளிப் போட்டேன். நேத்துதான் சரின்னு எழுதி அனுப்பினேன். செப்டம்பர்ல நீங்க வந்தா இங்க வேற ஆள் இருப்பாங்க.

— நீங்களும் குளிருக்கா?

— நானும் குளிருக்குத்தான். எழுதினப்புறம் பயம் வந்துது. பயம் கேட்டுக்கிட்டு வராது, நீங்க சொன்ன மாதிரி. அதுக்கப்புறம் அந்த ஒரு மூச்சு இருக்கே, அது உங்களோடது. சொல்லுங்க, எழுதட்டுமா?

— கொஞ்சம் இருங்க.

— இருக்கேன், நடுவரே.

— எழுதுங்க.

— முப்பது, சிறப்புப் பாராட்டோட. இதோ கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். கடைசிப் பொத்தான் ஒண்ணுதான் பாக்கி. அதை நீங்களே அமுக்குங்க. அதுக்கு முன்னால வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

— காது கொஞ்சம் மந்தம், போனைச் சத்தமா வைக்கறேன், மன்னிச்சுக்கோங்க. அர்ஜியா? நான்தான். ஏத்துக்கிட்டேன்.

— எதை ஏத்துக்கிட்டே?

— மதிப்பெண்ணை. முப்பது, பாராட்டோட. மொரேனாவுக்குச் சொல்லிடு, ஓஸ்லோவுக்குக் கிளம்பிடலாம். உனக்குச் சந்தோஷம்தானே?

— அந்த ஒப்புதல் கேள்வி வரலையா?

— வந்துது. நோட்டு இல்லாமலே சொல்லிட்டேன். ஏன், அர்ஜியா, அந்தக் கேள்விதான் வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?

— ஓஸ்லோ போக நீ ஆசைப்படறியேன்னு நான் வாயை மூடிக்கிட்டுக் கம்பளி பின்னினேன் பாரு, என்னைச் சொல்லணும். அந்தப் பக்கம் மூணும் என் மாவு டப்பாவுக்கு அடியிலதான் இருக்கு. இந்த முழங்காலை வச்சுக்கிட்டு உன்னைக் கோபுரத்து உச்சிக்கு எதுக்கு இழுத்துட்டுப் போனேன்னு நினைச்சே, காத்து வாங்கவா? அந்தம்மா கையைக் காலைப் பிடிச்சாவது வேண்டாம்னு சொல்லிட்டு வா.